பதினான்காவது பெயர்

நாடாளுமன்றத் தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியலைக் கொடுக்க ஒரே நாள்தான் பாக்கி. எங்களுக்கு ஒரு பெண் குறைந்தாள். நூற்றுக்கு முப்பத்தைந்து பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆட்சிக்கு வந்தால் அந்தச் சட்டத்தை ஒழிப்போம் என்று எங்கள் தாயக விசுவாசக் கட்சியின் அறிக்கை சொன்னது. அந்த வரியை எழுதியவன் நான்தான். பகலில் சரித்திர வாத்தியார், மிச்ச நேரத்தில் கட்சியின் மாவட்டச் செயலாளர். போலந்தின் கிழக்கே, பியாவிஸ்டோக் நகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தாலே தலைவர் ரொமுவால்டுக்கு முகம் மலர்ந்துவிடும்.

மனைவி, மைத்துனி, மருந்துக்கடைக்காரி, பாதிரியார் வீட்டுச் சமையற்காரி என்று நான்கு பேரைத் தலைவர் பிடித்துவிட்டார். ஐந்தாவது ஆளுக்காக விட்டோல்டின் வீட்டுக்குப் போனோம். கட்சியைத் தொடங்கிய ஏழு பேரில் விட்டோல்ட் ஒருவர். பதினெட்டு வருஷம் சுவரொட்டி ஒட்டியும் ஒரு பதவியையும் காணாதவர். அவர் மனைவி கொர்னேலியா உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ்.

"கையெழுத்து மட்டும் போதும் கொர்னேலியாம்மா. கடைசி இடம், பதினாலாவது. யாரும் பாக்கக்கூட மாட்டாங்க" என்றார் தலைவர்.

"பொம்பளைங்க அடுப்படியில இருந்தா நாடு உருப்படும்னு போன மாசம் மேடையில முழங்கினீங்களே?"

"அது கொள்கை. இது சட்டம்."

விட்டோல்ட் கெஞ்சினார். "நேலா, எனக்காக."

அவருக்காகத்தான் கொர்னேலியா கையெழுத்துப் போட்டார். மாவு அப்பிய கட்டைவிரல் தாளில் பதிந்துவிட்டது.

பிரசாரத்துக்கு கொர்னேலியா வரவில்லை. சுவரொட்டியில் ரொமுவால்டின் முகம் மட்டும்தான். "வேற்று ரத்தம் வெளியே போகட்டும்" என்று அவர் ஒவ்வொரு சந்தையிலும் பேசினார். கிழக்கே காட்டோரக் கிராமங்களில் இருக்கும் கத்தோலிக்கரல்லாத ஆர்த்தடாக்ஸ் சபைக் கிறிஸ்தவர்களைத்தான் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். முந்நூறு வருஷமாக அங்கேயே உழுது அங்கேயே புதைபட்டவர்கள்.

தேர்தல் முடிந்தது. நாடு முழுக்கச் சேர்த்தும் எங்கள் கட்சிக்கு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. நூற்றுக்கு ஐந்து வாங்காத கட்சிக்கு இடம் கிடையாது; அது பழகிய தோல்வி. ஆனால் கட்சிப் பட்டியலில் பிடித்த ஒரு பெயருக்குக் குறியிடுவதுதான் எங்கள் ஊர் ஓட்டு; அந்தப் பெயர்வாரிக் கணக்கைத் தலைவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். முதல் இடத்திலிருந்த அவருக்கு முந்நூற்றுப் பதினொன்று. பதினான்காவது இடத்துக் கொர்னேலியாவுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அவற்றில் பாதிக்கு மேல் அந்தக் காட்டோரக் கிராமங்களிலிருந்து வந்தவை.

பத்தாம் நாள் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கொர்னேலியாவை விசாரிக்கக் கட்சி நீதிமன்றம் கூடியது. நீதிபதிகள் மூவர்: கால்நடை வைத்தியர் ஒருவர், நான், விட்டோல்ட். விட்டோல்ட் விலகிக்கொள்வார் என்று நினைத்தேன். ஒரு கட்சிக்காரனுக்கு வீடு குறுக்கே நிற்கக் கூடாது என்று தலைவர் அவரிடம் சொல்லியிருந்தார். விட்டோல்ட் காலர் கசங்காத சட்டையோடு வந்திருந்தார். அதை இஸ்திரி போட்டது யார் என்று நான் கேட்கவில்லை.

"அந்த ஊர்க்காரங்ககிட்ட என்ன பேரம் பேசினீங்க?" என்றார் ரொமுவால்ட்.

"பேரமா? அவங்க அம்மா அப்பாவுக்குப் படுக்கைப்புண் கழுவி விட்டிருக்கேன். பனியில சைக்கிள் மிதிச்சுப் போய் ஊசி போட்டிருக்கேன். சீட்டுல என் பேரைப் பாத்திருப்பாங்க, போட்டிருப்பாங்க."

"நம்ம கட்சி யாரை எதிர்க்குதுன்னு தெரியும் இல்ல?"

"சீழ் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் நாறும், தலைவரே."

வைத்தியர் சிரித்தார். தலைவர் பார்த்ததும் அது இருமலாகிவிட்டது.

கட்சியிலிருந்து நீக்க வேண்டும் என்போர் கை தூக்கும்படி தலைவர் சொன்னார். வைத்தியர் தூக்கினார். நானும் தூக்கினேன். விட்டோல்ட் கூரையைப் பார்த்தபடி தூக்கினார். இறக்க மறந்து அப்படியே வைத்திருந்தார்.

"கையை இறக்கு விட்டெக்," என்றார் கொர்னேலியா. "தோள் பிடிச்சுக்கும். அப்புறம் யார் தைலம் தேய்க்கிறது?"

கோட்டை மாட்டிக்கொண்டு தனியாக நடந்துபோனார். தீர்ப்பைத் தட்டச்சு செய்தவனும் நான்தான்.

அடுத்த வசந்தத்தில் ரொமுவால்ட் கட்சியைக் கலைத்துப் பெரிய கட்சியில் சேர்ந்தார். பேச்சுவார்த்தையில் தன் செல்வாக்கு என்று அவர் எடுத்து வைத்தது எங்கள் தொகுதியின் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டு. கொர்னேலியாவின் ஓட்டு. அவருக்குத் தலைநகர் வார்சாவில் ஆலோசகர் வேலை கிடைத்தது. எனக்கும் விட்டோல்டுக்கும் அச்சடித்த நன்றிக் கடிதம் வந்தது. விட்டோல்டின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

மே மாதம் பேருந்து நிறுத்தத்தில் கொர்னேலியாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போக வழியில்லை.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பு," என்றேன்.

"எதுக்குப் பயந்தே ஆல்பின்? சம்பளமா, பதவியா, என்ன போயிருக்கும்?"

யோசித்தேன். உண்மையிலேயே எதுவும் போயிருக்காது. "தெரியலை" என்றேன்.

"அவரும் அதைத்தான் சொல்றார். ஒரே வீடு, ரெண்டு சமையல். தினம் காலையில கேக்கறேன். தலையைக் குனிஞ்சு முட்டையை உரிச்சுக்கிட்டே இருக்கார்."

கிழக்கே போகும் பேருந்து வந்தது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, நான் நின்ற பக்கம் திரும்பாமல், யாரோ ஒரு கிழவியிடம் கால் வீக்கத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.