பலகையில் மூன்றாவது பெயர்

காலிங் பெல் கிட்டுகளை வாங்கி, பாகங்களைப் பற்றவைத்து, முழு மணியாக விற்பது அந்தத் தம்பதியின் தொழில். மனைவி பற்றவைப்பாள்; கணவன் விற்பான். மணியை வடிவமைத்து, கிட்டுகளை அவர்களுக்கு அனுப்பும் அம்மாளின் பெயரைப் பெட்டியில் பெரிதாகப் போட்டு, அதன் கீழே தங்கள் பெயர்களைச் சிறிதாகப் போடுவார்கள்.

அந்த நேர்மை அம்மாளுக்குப் பிடித்துப்போனது. அவர் புதிதாக அனுப்பிய சர்க்யூட் பலகைகளில், நன்றி என்ற சொல்லுக்குக் கீழே அவர்கள் பெயர்களும் இருந்தன. மூன்றாவதாக ‘சிட்டு’ என்றும் இருந்தது.

மனைவி அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். வயிற்றில் தங்காமல் போன குழந்தைக்கு அவர்கள் இருவரும் வைத்திருந்த செல்லப்பெயர் அது. வெளியே யாருக்கும் தெரியாது.

கணவன் அம்மாளுக்குப் போன் செய்தான்.

“சிட்டுங்கிற பேரை யாரும்மா சொன்னாங்க?”

“போன வாரம் கூப்பிட்டப்ப உங்க பொண்ணுதானே எடுத்தா. அம்மா பத்தவைக்கிறாங்க, நான்தான் கம்பி எடுத்துக் குடுக்கிறேன்னா. உழைச்ச பிள்ளை பேரை விடலாமா?”

கணவன் போனை வைத்தான். பிறகு அந்தப் பெயரைச் சுரண்டிவிடக் கத்தியை எடுத்தான். மனைவி தடுத்தாள்.

“வேலை செஞ்சவங்க பேரை அழிச்சிட்டு வித்தா அது திருட்டுங்க.”

பெட்டிகளிலும் மூன்றாவது பெயர் ஏறியது. அன்றுமுதல் அவள், பற்றவைக்கும் சூடான சால்டரிங் அயர்னைச் சின்னக் கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளியே வைத்தாள்.