ஐயா தன் வாயால்தான் பேசுவார்

பூனைப் படம் போட்ட அட்டையை ஐயா இடது கையால் தட்டிவிட்டார். அது மேஜைக்கு அடியில் போய் விழுந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவள் குனிந்து எடுத்து, தூசி தட்டி, பழைய இடத்திலேயே வைத்தாள்.

“இது என்ன ஐயா?”

ஐயா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் வராமல் என்ன செய்யும்? பல மொழி கரைத்துக் குடித்தவர். பழைய இலக்கண நூல்களுக்கு உரை எழுதியவர். கல்வி மந்திரியாக இருந்தபோது ஊருக்கு ஒரு நூலகம் என்று சட்டம் கொண்டுவந்தவர். மந்திரி பதவி போனாலும் உறுப்பினராக இருந்தார்; சட்டசபையில் அவர் எழுந்தால் எதிர்க்கட்சிக்காரர்களே நிமிர்ந்து உட்காருவார்கள்; அவரிடம் அடி வாங்கினாலும் சிரித்துக்கொண்டே வாங்கலாம். அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் தாக்கி, வலது கையை முடக்கியதோடு பேச்சையும் பிடுங்கிக்கொண்டது. மற்றவர்கள் பேசுவது புரிந்தது. சொல்ல நினைப்பது மட்டும் வாய்க்கு வரவில்லை. வந்தால் வேறு எதுவோ வந்தது.

“நாளைக்கும் வருவேன்” என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். சொன்னபடியே வந்தாள்.

அன்று ஐயாவின் மகள் பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மகள் வக்கீல்; மூடி மறைத்துப் பேசத் தெரியாதவள். “அப்பா, உங்க நூலகச் சட்டத்தை எடுக்கப் போறாங்களாம். ஜனங்க வர்றதில்லையாம். கட்டடத்தையெல்லாம் விக்கப் போறாங்களாம்.”

ஐயா சட்டென்று நிமிர்ந்தார். “யாரு... நாற்காலி?”

மந்திரி யார் என்று கேட்க வந்தவர், நாற்காலி என்று கேட்டுவிட்டார். மகள் ஒரு நொடி விழித்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “சரியாத்தான் சொன்னீங்கப்பா. அவருக்கு அதை விட்டா வேற என்ன தெரியும்?”

தான் சொன்னது என்னவென்று ஐயாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. தோள் குலுங்கச் சிரித்தார். படுக்கையில் விழுந்ததிலிருந்து அந்த வீடு அவர் சிரிப்பைக் கேட்டதில்லை. சிரித்து ஓய்ந்ததும் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பூ...னை” என்றார், கடன்காரனைப் பார்ப்பதுபோல் அதை முறைத்தபடி.

அதற்குப் பிறகு அவரை நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டது.

சட்டத்தை நீக்கும் மசோதா சபைக்கு வரும் நாள் நெருங்கியபோது கட்சிக் கொறடா வந்தார். பழக்கூடையை வைத்துவிட்டு, மகளைப் பார்த்துப் பேசினார். “நீங்க எழுதிக் கொடுங்கம்மா, ஐயா பேர்ல நான் படிச்சிடுறேன். அவர் எதுக்கு அலையணும்?”

“வேணாம்” என்றார் ஐயா. “என்... வாய்.”

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. சபையில சிரிப்பாங்க.”

ஐயா இடது கையால் தொடையில் மெல்லத் தாளம் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சொல் வரும் என்பது பயிற்சி கொடுப்பவள் பழக்கியது. “சிரிக்கத்தானே... இத்தனை வருஷம்... பேசினேன்?”

கொறடா கிளம்பினார். மகள் பயிற்சி கொடுப்பவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். “நீங்க சொன்னா கேப்பார், மேடம். போக வேண்டாம்னு சொல்லுங்களேன்.”

அவளுக்கும் பயம்தான். முன்பு அவளிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தையல்காரர், கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள் என்று வாயை மூடினவர், அப்புறம் திறக்கவே இல்லை. ஐயாவும் அப்படி ஆகிவிட்டால்? சொல்லியே தீருவது என்று உள்ளே போனாள்.

ஐயா நெற்றி வியர்க்கத் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார். “நூல்... நூல்... அகம்... நூல்...” கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

போக வேண்டாம் என்று சொல்ல வந்ததை அவள் விட்டுவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஐயா, அது கஷ்டமா இருந்தா லைப்ரரின்னு சொல்லிடுங்களேன்.”

ஐயா பார்த்த பார்வையில் அவள் எரியாதது ஆச்சரியம். “செத்தாலும்... நூ...லகம்.”

“சரி. ஆனா வாக்கியம் நீளமா இருந்தா நான் வெட்டுவேன். கோபப்படக் கூடாது.”

பக்கத்துக்கு ஒரு வாக்கியம் எழுதிப் பேர் வாங்கியவர், தன் வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்ட அவளுக்குச் சம்மதம் கொடுத்தார்.

அந்த நாளும் வந்தது. பார்வையாளர் மாடத்தில் மகளும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஐயா கைத்தடியை ஊன்றி எழுந்தார். “தலைவர்... அவர்களே” என்றவருக்கு அடுத்த சொல் வரவில்லை. தொடையில் தட்டினார். வரவில்லை. மறுபடி தட்டினார்.

எதிர் வரிசையில், எப்போதும் குறுக்கே பேசும் ஓர் உறுப்பினர் எழுந்தார். “ஐயாவுக்குத்தான் பேச்சு வரலையே, உட்காரச் சொல்லுங்க! எங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கு! எங்க நேரத்தையும்...”

அவர் பேசி முடிக்கட்டும் என்று ஐயா காத்திருந்தார். அவர் நிறுத்துவதாக இல்லை. பிறகு நிதானமாகத் தட்டினார். “எனக்கு... பேச்சு வரலை. உங்களுக்கு... நிக்கலை. ரெண்டும்... வியாதிதான்.”

சபை அதிர்ந்தது. குறுக்கிட்டவரின் பக்கத்தில் இருந்தவர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். மாடத்தில் பயிற்சி கொடுத்தவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது; துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு ஐயா தொடர்ந்தார். “என் சொல்... உள்ளே இருந்தது. வெளியே... வரலை. தலை... காலின்னு... நினைச்சாங்க.” மூச்சு வாங்கினார். “நூலகத்துல... புத்தகம் இருக்கு. ஆள்... வரலை. வழியை... சரி பண்ணுங்க. வீட்டை... விக்காதீங்க.”

அவர் உட்கார்ந்தார். மசோதாவை நிறைவேற்றாமல், ஆராய ஒரு குழுவுக்கு அனுப்புவது என்று சாயங்காலம் முடிவானது. கட்டடங்கள் தப்பின என்று சொல்ல முடியாது; தலைக்கு வந்த கத்தி தள்ளி நின்றது, அவ்வளவுதான். குழுவில் ஐயா பெயரும் இருந்தது.

மறுநாள் அவர் ஓய்வில் இருப்பார் என்று நினைத்து அவள் தாமதமாகப் போனாள். ஐயா சவரம் செய்து, சட்டை மாற்றி, மேஜை முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார். அட்டைகளை ஒதுக்கிவிட்டு அவளைச் சுட்டிக்காட்டினார்.

“குழுவுல... கேள்வி... கேப்பாங்க. வேகமா. நீங்க... கேளுங்க. திட்டுங்க.”

“நானா? உங்களையா?”

“ம்.”

அவள் தயங்கினாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, குரலை உயர்த்தினாள். “இந்தக் காலத்துல யார் சார் புத்தகம் படிக்கிறாங்க? உங்களுக்கு என்ன தெரியும்னு பேச வந்துட்டீங்க?”

ஐயா தலையை ஆட்டினார். “போதாது... டீச்சர். மரியாதையை... இன்னும்... குறைங்க.”