காய்ந்த கொடிகள்

என் கணவர் மாசானம் விஷக் கிழங்கைத் தின்று தற்கொலை செய்துகொண்டார் என்றுதான் எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அவர் சாக விரும்பிய நாட்கள் உண்டு. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் செத்தது அந்த நாட்களில் இல்லை.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டினார். கை உள்ளே இருந்தால் நின்றுவிட வேண்டிய மெஷின் ஒருநாள் நிற்கவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின. காயம் ஆறி வேலைக்குப் போய் நின்றபோது, இந்தக் கையை வைத்துக்கொண்டு எந்த லைனில் போடுவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நான் இருங்காட்டுக்கோட்டையில் கான்ட்ராக்டில் வயர் கட்டும் லைனில் இருந்தேன். அங்கேயே காந்திமதி அக்காவின் வரிசை வீடுகளில் ஓர் அறை எங்களுடையது.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். சோறு வைத்தால் இரண்டு வாய் தின்பார். ஒருநாள், "அந்த மெஷினு கைக்குப் பதிலா தலைய எடுத்திருந்தா ரெண்டு பேருக்கும் சோலி முடிஞ்சிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். கடையில் என்ன வாங்கணும் என்று சொல்வது போலச் சொன்னார். மறுநாளிலிருந்து துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். கேட்டில் பையைச் சோதிக்கிற பெண் அதை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னாமா இது, உள்ள மாடு கட்டப் போறியா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் வரிசை வீட்டுக்குப் பின்னால், ஏதோ கம்பெனிக்கென்று எடுத்துச் சுற்றுச்சுவர் கட்டி, பல வருஷமாக ஒன்றும் கட்டாமல் போட்டு வைத்திருந்த நிலம் இருந்தது. சுவரில் ஓரிடம் இடிந்திருக்கும். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தால் அறையில் அவரைக் காணோம். பின்பக்கம் ஓடினேன். இடிந்த சுவர் வழியாக, கைலியை மடித்துக் கட்டி, மடி நிறைய எதையோ சுமந்துகொண்டு அவர் வந்துகொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு.

"ஏட்டி, தொய்யக்கீரை. அங்கன ஊருக்கே போதும்ங்கிற அளவு கெடக்கு, சீந்துவாரு இல்ல." கையை என் முகத்துக்கு நேரே நீட்டி அந்த இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிரித்துக் காட்டினார். "கிள்ளுததுக்கு இந்த ரெண்டு வெரலுதாம்ட்டி வேணும். மத்த மூணும் சும்மாதான இருந்திருக்கு இத்தன நாளும்!"

அன்றைக்கு அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார்.

அதற்குப் பிறகு தினமும் போனார். பொதிகை மலையடியில் பிறந்தவர். சிறுவயதில் ஆடு பத்திக்கொண்டு மலையேறித் தின்று வளர்ந்ததையெல்லாம் இங்கே இந்தக் கருவேலங்காட்டில் தேடினார். கோவைக்காய், குப்பைக்கீரை, வேலியில் பிரண்டை, புற்றோரம் காளான். சூரைப்பழம் பறித்து வந்து என் வாயில் போட்டு, புளிப்பில் என் கண் சுருங்குவதைப் பார்த்துச் சிரிப்பார். கன்னத்தில் சதை பிடித்தது. உடம்பில் வெயிலும் பச்சிலையும் கலந்த வாசம் வந்தது. பிரஸ் ஷாப் எண்ணெய் வாசத்தோடுதான் அவரை எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். ஒருநாள் சிவப்பும் மஞ்சளுமாகத் தீ எரிவது போன்ற கார்த்திகைப் பூவைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தார். கயிற்றை அவிழ்த்துப் போவதை நான் எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

காந்திமதி அக்காவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. வாடகைக்கு இருப்பவன் காட்டில் பொறுக்கித் தின்றால் அவர் வீட்டுக்கு மரியாதைக் குறைவாம்.

"இன்னா முத்துச்செல்வி, உன் வூட்டுக்காரு மேயப் போய்க்கினாரா? சாயங்காலம் பால் கறக்கலாமா?" என்று குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்பார்.

ஒருநாள் நான் வாயைத் திறக்கும் முன்பே என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "கறக்கலாம்க்கா, சொம்பு எடுத்துட்டு வாங்க" என்றார். குழாயடியே சிரித்தது. அதை அந்த அம்மா மறக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் எங்கள் சூப்பர்வைசர் சாம்சனிடம் பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு கேட்டேன்.

"தாராளமா போ. ஐடி கார்ட டேபிள் மேல வச்சிட்டுப் போ" என்றார். "எக்ஸ்போர்ட் ஆர்டர் கீது. கேட்டாண்ட எத்தினி பேரு நின்னுகினு கீறாங்கன்னு பாத்துட்டுப் போ."

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடும் என்று பயந்தேன். வாடவில்லை.

"ஊருக்குப் போவலேன்னா என்ன? பொங்கல இங்கன வரவச்சிருவோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் கிழங்கு இல்லாமல் பொங்கல் கிடையாது. சிறுகிழங்கு, சேனை, சேம்பு, வள்ளி என்று பானைக்கு முன்னால் பரப்பி, எல்லாவற்றையும் போட்டுக் குழம்பு வைத்தால்தான் அது பொங்கல். ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டில் சேனையும் சேம்பும் கிடைத்தன. வள்ளி என்று கேட்டால் சர்க்கரைவள்ளியை எடுத்துக் காட்டினார்கள்.

"காட்டுவள்ளி அங்கன உள்ள கெடக்கு. கார்த்திகையிலயே பாத்து வச்சிருக்கேன். அந்தப் புதர்ல துணி கட்டி அடையாளம்லாம் போட்டாச்சு" என்றார்.

காட்டுவள்ளிக் கொடி தை பிறக்கும்போது காய்ந்துவிடும். காய்ந்த தண்டைப் பிடித்துக்கொண்டே போய்த் தோண்டினால்தான் கிழங்கு முற்றியிருக்கும். மலையில் அப்படித்தான் எடுப்பார்களாம். பச்சையாக, இதயம் போல இலை விட்டிருந்த காலத்தில் அவர் அந்தப் புதரைக் குறித்து வைத்தார். புதரைத்தான் குறித்தார், கொடியை அல்ல. கார்த்திகைப் பூவின் கொடியும் அதே புதரில்தான் ஏறியிருந்தது. தையில் இரண்டும் இலை உதிர்ந்து, ஒன்றையொன்று சுற்றி, ஒரே நிறத்தில் காய்ந்து கிடந்தன. அந்தப் பூவை எங்கள் இருவருக்கும் தெரியும். அதன் வேர் எப்படி இருக்கும் என்று இருவரும் பார்த்ததில்லை.

பொங்கலன்றும் எனக்கு முதல் ஷிப்ட். வந்தவர்களுக்கெல்லாம் கேன்டீனில் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள். நான் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தேன். அறை வாசலில் கோலம் போட்டிருந்தார். இரண்டு விரலால் போட்ட கோலம், கோடுகள் கோணலாக. ஸ்டவ்வில் பானை பொங்கி வழிந்த தடம். பானை முன்னால் கிழங்குகளைக் கழுவிப் பரப்பி, குழம்புக்குப் போட்டது போகக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார்.

காந்திமதி அக்காவுக்கு முதல் தட்டைக் கொண்டு போய்க் கொடுத்தது நான்தான். அந்த அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு வாங்கினார். நான் திரும்பி நடக்கும்போதே சாக்கடையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது.

எனக்குக் கொஞ்சம்தான் இறங்கியது. "கசக்குதேங்க" என்றேன்.

"காட்டுச் சாமான்னா லேசா கசக்கத்தான் செய்யும். புளி பத்தல. நீ வையி, நான் திங்கேன்" என்று என் தட்டையும் வாங்கிக்கொண்டார். வழித்துத் தின்றார். தின்றுவிட்டு, வயிற்றைத் தட்டிக்கொண்டு, அடுத்த வருஷம் சிறுகிழங்கு விதை கொண்டுவந்து அந்த நிலத்தில் யாருக்கும் தெரியாமல் ஓர் ஓரமாகப் போட வேண்டும் என்றார். அடுத்த வருஷம் என்ற வார்த்தையை அவர் வாயில் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

இருட்டுவதற்குள் வாந்தி தொடங்கியது. இருவருக்குமே. எனக்கு விடியும்போது நின்றது. அவருக்கு நிற்கவில்லை. தண்ணீராகப் போனது. தொண்டை எரிகிறது என்றார். பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி போட்டு, உப்பு சர்க்கரைப் பொடி கொடுத்து, பண்டிகைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சாம்சனுக்கு போன் போட்டேன்.

"சார், எங்க வீட்ல அவருக்கு ரொம்ப முடியல."

"பொங்கலுக்கு மறுநாளு ஊர்பட்ட புருஷனுக்கு வயித்தால போவுதும்மா. லைனே காலியா கெடக்குது. இன்னா, எல்லாம் பேசி வச்சிக்கினு வாந்தி எடுக்கிறீங்களா?"

அன்று போகவில்லை. அதற்கடுத்த நாள் அவர் எழுந்து உட்கார்ந்தார். வாந்தி நின்றிருந்தது. கஞ்சி குடித்தார். சாம்சன் இரண்டாம் முறை கூப்பிட்டு, இன்றைக்கும் வராவிட்டால் கேட்டில் கார்டு அடிக்காது என்று சொன்னது அவருக்கும் கேட்டது.

"நல்லாத்தான இருக்கேன், நீ வேலைக்குப் போட்டி. எம் மூஞ்சியப் பாத்துட்டே இருந்தா சோறு வந்துருமா?" என்று சிரித்தார். உதடு வெடித்திருந்ததால் சிரிக்கும்போது வலித்தது போல முகம் கோணியது.

உள்ளே போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தபோது அவர் பெயர் வரிசையாக விழுந்திருந்தது. நான் ஓடி வந்தபோது அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நிலைப்படியில் தலை வைத்துக் கிடந்தார். மூச்சு இரைத்தது.

காந்திமதி அக்கா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மத்தியானத்துலேர்ந்து கத்திக்கினு கெடந்தாருமா. குடிச்சிட்டு உளர்றாருன்னு நெனச்சேன்."

"அவரு குடிக்க மாட்டாருக்கா."

"அது இன்னா எனக்குத் தெரியும்?"

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். எங்களை ஏற்றி வந்த ஆட்டோக்காரரை அனுப்பி மிச்சக் கிழங்கை எடுத்துவரச் சொன்னேன். பையைக் கவிழ்த்ததும் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, இது கலப்பக் கெழங்காச்சே" என்றார். கலப்பை போலக் கிளை பிரிந்திருந்த ஒன்றை டாக்டர் எடுத்துப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டார். கார்த்திகைப் பூவின் வேர் அதுதான் என்றார். என் கணவருக்கு முழு நினைவு இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ எவ்வளவு தின்ன?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

"கொஞ்சம்தான்."

"என்னைய வச்சிப் பாக்க வேண்டாம்னு சொல்லு. ஒன்னையப் பாக்கச் சொல்லு." அதன் பிறகு, "நான் சாவ மாட்டேம்லா?" என்று டாக்டரைப் பார்த்துக் கேட்டார். டாக்டர் குளுக்கோஸ் பாட்டிலைச் சரி செய்தார். அவர் மறுபடியும் கேட்டார். விடியும்வரை, யார் கட்டிலைக் கடந்து போனாலும், பெருக்க வந்தவளிடம்கூட, அதையே கேட்டார். பிறகு கேட்கவில்லை.

பிணவறை வாசலில் எங்கள் ஊரிலிருந்து வந்த அவருடைய அக்கா தங்கமாரி என் முடியைப் பிடித்தாள். "சம்பாதிக்கோம்ங்கிற திமிருல குத்திக் காட்டியே எந் தம்பிய வெசத்தத் திங்க வச்சிட்டியேட்டி!" போலீஸ்காரர் வந்து பிரித்துவிட்டார். காந்திமதி அக்கா அவரிடம் அதற்கு முன்பே சொல்லி முடித்திருந்தார்: அந்த ஆள் ரொம்ப நாளாகவே செத்துப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான், போகும்போது எங்களையும் கூட்டிக்கொண்டு போகத் தட்டு அனுப்பினான், தெய்வம்தான் காப்பாற்றியது.

போலீஸ்காரர் பெயர் கண்ணப்பன். கெட்டவர் இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"மனசு கஷ்டத்துல இருந்தாரா?"

"முன்னால இருந்தாரு சார். இப்ப சந்தோஷமாத்தான் இருந்தாரு."

"சந்தோஷமா கீறவன் எதுக்குமா அந்தக் கெழங்க துண்றான்? சாவணும்னு இருக்கிறவன்தான் அதத் தேடிப் போய்த் தோண்டுவான். இந்தப் பக்கம் எத்தினி கேஸ் பாத்துட்டேன். பேசாம சரின்னு சொல்லு. பாடிய சீக்கிரம் குடுத்துருவாங்க."

"நான் எடத்தக் காட்டுதேன், வந்து பாருங்க சார்" என்றேன். வேறு எதையும் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். தங்கமாரி தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

கண்ணப்பன் சலித்துக்கொண்டே பைக்கில் வந்தார். துணி கட்டியிருந்த புதரைக் காட்டினேன். பாதி தோண்டிய குழி அப்படியே இருந்தது. பக்கத்தில் கிடந்த கம்பியை எடுத்து அவரே குத்தினார். ஒரு காய்ந்த தண்டைப் பிடித்துப் போனதில் நீளமான வள்ளி வந்தது. அதைச் சுற்றிக் கிடந்த இன்னொரு தண்டின் அடியில் கலப்பைக் கிழங்கு. மண்ணோடு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி தண்டுகளைப் பார்த்தார். எது எதிலிருந்து வந்தது என்று அவருக்கே குழம்பிவிட்டது. இரண்டையும் உடைத்தார். இரண்டும் உள்ளே வெள்ளை.

"யப்பா" என்றார். கிழங்குகளைக் குழியில் போட்டுவிட்டு, "தெரியாமதான் துண்ணுருக்காருமா. அப்டியே எழுதிக்கிறேன்" என்றார்.

நான் கேட்டு வந்தது அதைத்தான். அது கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணவர் சாக விரும்பியிருந்தால், அவர் கேட்டதாவது அவருக்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

கண்ணப்பன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தவர், சுவரோரம் நின்றார். ஊதாப் பூவும் முள்ளுமாக ஒரு செடி சுவரில் படர்ந்திருந்தது.

"இது தூதுவளதானே?"

"ஆமா சார்."

"என் சம்சாரத்துக்கு நெஞ்செல்லாம் சளி. இந்த ஒரகடம் ரோட்டுத் தூசில இன்னா பண்றது, சொல்லு." கையை நீட்டப் போனவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

நான் ஓர் இலையைக் கிள்ளி, முள்ளை நீக்கி, வாயில் போட்டு மென்றேன். காரமாக இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விழுங்கினேன். அப்புறமும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்து நீட்டினார்.

நான் பறித்துப் போட்டேன்.