சின்னவளின் பேன்ட் லூசான கதை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல, போனில் வந்தது. பெண்கள் இதழ் ஒன்றின் ஆசிரியை கூப்பிட்டு, "லேடீஸ் கொழுப்பைக் குறைக்கிறதுக்கு எக்சர்சைஸ், சாப்பாட்டுப் பழக்கம் எல்லாம் வர்ற மாதிரி ஒரு கதை குடுங்களேன். கட்டுரைன்னா யாரும் படிக்கிறதில்ல" என்றார். கதை என்றால் மட்டும் க்யூவில் நின்று படிக்கிறார்களாக்கும்! என் தலையெழுத்து, ஒப்புக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: அதிகாலைப் பனியில் அவள் துள்ளித் துள்ளி ஓடினா—

(அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த பெண்கள் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுகிறார்கள்.)

2

ஒரு வீடு, அக்கா தங்கை இருவர். அக்கா தையல்காரி. முன்னறையில் மெஷின், மூலையில் துணிக் குவியல். தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். ரயில் நிலையக் கவுன்டரில் டிக்கெட் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பெருத்துவிட்டது. யூனிஃபார்ம் பேன்ட்டுக்குப் பட்டன் போட மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கவுன்டர்காரி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அன்றோடு காலைச் சாப்பாடு போச்சு. அப்புறம் ராத்திரிச் சாப்பாடும் போச்சு.

இந்த இடத்தில் ஆசிரியைக்காக ஒரு டாக்டரை உள்ளே கொண்டுவந்தேன்.

"பட்டினி கிடந்தா கொழுப்போட சேர்ந்து சதையும் கரையும்மா. முட்டை, பருப்பு, காய்னு வயிறாரச் சாப்பிடுங்க. நடங்க, கொஞ்சம் வெயிட் தூக்குங்க, நல்லாத் தூங்குங்க."

"தண்ணி கேனை மாடிக்கு யாரு தூக்குறதாம், நீங்களா?" என்றாள் சின்னவள். டாக்டர் கதையை விட்டே போய்விட்டார்.*

* அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

3

அக்காவிடம் ஒரு தொழில் பழக்கம் உண்டு. "டயட்டுல இருக்கேன்" என்று வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விரற்கடை தளர்த்தித் தைத்துவிடுவாள். போட்டுப் பார்த்துப் பூரித்துப் போவார்கள், அடுத்த துணியும் இங்கேதான் வரும்.

சின்னவளின் பேன்ட் கால் மடிப்பு தைக்க வந்தபோது அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. இடுப்பில் உள்ளே மடித்திருந்த துணியைக் கொஞ்சம் பிரித்துவிட்டாள். இளைத்துவிட்டோம் என்று நினைத்தாலாவது இந்தப் பெண் வாயில் சோறு வைக்காதா? இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம்.

சின்னவள் இடுப்புக்குள் கையை விட்டுப் பார்த்துக் குதித்தாள். "அக்கா, பாரேன்! பட்டினி நல்லா வேலை செய்யுது!"

மிச்சமிருந்த மத்தியானச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள்.

(அட, அறிவு கெட்டவளே, இப்படியா பண்ணுவே என்று அக்காவைத் திட்டினேன். "எழுதுறது நீங்கதானே?" என்று திருப்பிக் கேட்டாள். வாய்க்கொழுப்பைப் பாருங்கள்.)

4

நேற்று டிக்கெட்டை நீட்டிய கையோடு சின்னவள் கவுன்டர் மேசையில் சரிந்துவிட்டாள். கூட வேலை செய்பவர்கள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள்.

முடிவு அ: அக்கா உண்மையைச் சொல்கிறாள். கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மறுநாள் காலை முட்டை, வாக்கிங், சுபம். (ஆசிரியைக்குப் பிடிக்கும். எனக்குக் குமட்டுகிறது.)

முடிவு ஆ: அக்கா சொல்கிறாள். "அப்போ நான் இளைக்கவே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அன்று முதல் சின்னவள் தண்ணீரைக்கூட—

(மாட்டேன். இதை நான் எழுத மாட்டேன்.)

முடிவு இ: அக்கா சொல்லாமலே விட்டுவிடுகிறாள். (அப்படியானால் சின்னவளைக் கொல்வது யார்? அக்காவா, நானா?)

5

நான் இப்படி மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போதே சின்னவள் எழுந்து, சுவரைப் பிடித்தபடி முன்னறைக்கு வந்துவிட்டாள். கையில் அந்தப் பேன்ட். முகமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது, ஆனால் வாயெல்லாம் பல்.

"அக்கா, நிக்கவே மாட்டேங்குது, நழுவுது. இடுப்புல நல்லாப் பிடிச்சுத் தையேன்."

அக்கா பேன்ட்டை வாங்கவில்லை. என்னைப் பார்க்கிறாள்.

எனக்குத் தெரியாது தாயே. இந்தக் கதையை இவ்வளவு தூரம் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேள். நீங்கள்தான் சொல்லுங்கள், இவள் என்ன பதில் சொல்ல? ஆற அமர யோசிக்கவெல்லாம் நேரமில்லை. சின்னவள் நேற்று விழுந்த பிறகும் ஒன்றுமே சாப்பிடவில்லை.