பதினொரு நாள் குறைந்த கார்

மீரா உசேன் பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஆஸ்டின் கார், கூத்தம்பட்டினத்துக் கடலின் மேல் எட்டு வருஷமும் ஒரு நாளும் நின்றது. மிதந்தது என்று சொல்பவர்கள் அசலூர்க்காரர்கள். மிதந்தால் ஆடும், இது ஆடவில்லை. சிமெண்டுத் தரையில் நிறுத்தியதுபோல நாலு டயரும் தண்ணீரின் மேல் பதிந்து நின்றன, அலை வந்தால் அதுவாகவே இரண்டாகப் பிரிந்து ஒதுங்கிப் போனது. ஹாரனை ஒரு தரம் அமுக்கினால் வலங்கைமான் ரோட்டில் வண்டிமாடுகள் ஓரம் கட்டும், பேராவூரணித் தோப்புகளில் முற்றாத இளநீர் நாலாவது உதிரும். சந்தேகப்படுகிறவர்கள் வேளாங்கண்ணிக்குத் தெற்கே நாலு கல் நடந்து வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அந்த எட்டு வருஷமும் ஊரில் இதை நம்பாத ஆள் ஒருத்திதான். அது மீரா உசேனின் மனைவி ரசியா பேகம்.

நம்பாததற்கு அவளிடம் காரணம் இருந்தது. கூத்தம்பட்டினத்து முஸ்லிம் தெருக்களில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணத்தன்று மாப்பிள்ளைதான் ஊர்வலமாக வந்து பெண்வீட்டில் குடியேறுவார். ஐம்பதாம் வருஷம் ஐப்பசி மழையில் மீரா உசேன் வாடகைக் காரில் கிளம்பினார். பாதி வழியில் கார் சேற்றில் இறங்கிப் படுத்துக்கொண்டது. மாப்பிள்ளை பூச்சரம் முகத்தில் தொங்க, பூட்சைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் சேற்றோடு ரசியாவின் வாசலில் வந்து நின்றார். ரசியாவின் அக்காள் மாப்பிள்ளைகள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு மறுநாள் மதியம்வரை ஓயவில்லை. நாற்பதாம் நாள் மீரா உசேன் கப்பலேறினார். ஏறும் முன் ரசியாவிடம் மட்டும் சொன்னார்: “இந்த வாசலுக்குச் சொந்தக் கார்ல வந்து நிப்பேன். உன்னை ஏத்திக்கிட்டு ஊரைச் சுத்துவேன். அதுவரைக்கும் நான் வந்ததா நெனைக்காதே.”

அவள் நினைக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஐந்து கடிதம், அடுத்த கப்பலில் காரோடு வருகிறேன் என்று வந்தது. ஐந்து முறையும் வாசலுக்கு வெள்ளையடித்து, நெய்ச்சோறு ஆக்கி வைத்தாள். ஐந்து முறையும் வேறு யாரோ ஒரு பயணி ஒரு புட்டி கோடாலித் தைலத்தையும் ஒரு சாக்குப்போக்கையும் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்தாவது புட்டியை வாங்கி வைத்த அன்று மாடியில் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு ஆணி அடித்தாள்.

ஆறாவது கடிதம் எழுதாமலேயே மீரா உசேன் வந்தார். அறுபத்தொன்பதில் பினாங்கில் வெளியூர்க்காரர்களின் வேலைப் பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். பதினெட்டு வருஷ உழைப்பை முந்தின வருஷமே ஒரு காராக மாற்றி வைத்திருந்தார், அதோடு கப்பலேறினார். வெளிநாட்டில் இருந்து ஊர் திரும்புகிறவர் தன் பெயரில் முழுசாக ஒரு வருஷம் வைத்திருந்த காரை லேசான தீர்வையில் இறக்கிக்கொள்ளலாம் என்று விதி. நாள் குறைந்தால் கட்டவேண்டிய தீர்வைப் பணத்தில் அதே மாதிரி மூன்று கார் வாங்கலாம். மீரா உசேன் விதியை நன்றாகப் படித்துத்தான் வந்தார். ரமலான் முதல் பிறையில் கார் வாங்கி, அடுத்த ரமலான் முதல் பிறையில் கூத்தம்பட்டினத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பலில் நின்றார்.

சுங்க ஆபீஸ் எழுத்தர் காயாரோகணம் தோணியில் வந்து காகிதங்களைப் பார்த்தார். நல்ல மனுஷர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், விதியையும் மீறாதவர். நாட்காட்டியை மூன்று தரம் புரட்டிவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: “பாய், நீங்க பிறை பாத்து எண்ணிட்டீங்க. சர்க்காரு தேதி பாத்துல்ல எண்ணுது? பதினொரு நாள் இடிக்குதே.”

“அதுக்கென்ன, பதினொரு நாள் இப்படியே கடல்ல இருந்துட்டுப் போறேன்” என்றார் மீரா உசேன். கப்பல் காத்திருக்காது. எனவே தோணிக்காரர் ராசு இரண்டு தோணியைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் காரை இறக்கிக்கொண்டார். நாலாம் நாள் மத்தி மீன் கூட்டம் வந்துவிட்டது. ராசுவுக்குத் தோணி வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு ராசு கட்டை அவிழ்த்து, தோணி இரண்டையும் காரின் அடியிலிருந்து உருவிக்கொண்டு மீன்பிடிக்கப் போய்விட்டார். கார் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு மத்தி கூடை எட்டணாவுக்கு இறங்கிவிட்டது, ஊர் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

பதினோராம் நாள் மனுப் போட்டார். பதில் ஏழு மாதம் கழித்து வந்தது. கார் நம் கடலுக்குள் வந்துவிட்டபடியால் இங்கே கழிந்த நாளை வெளிநாட்டில் வைத்திருந்த நாளாகக் கொள்ள முடியாது. கரையைத் தொடாதபடியால் வந்து சேர்ந்ததாகவும் கொள்ள முடியாது. ஆகக் குறைகிற நாள் பதினொன்று. இரண்டாம் வருஷமும் பதினொன்றுதான், ஐந்தாம் வருஷமும் பதினொன்றுதான். மீதி நாளைக் கழிக்கத் திரும்பப் பினாங்கு போகப் பெர்மிட் கிடையாது. காரை விட்டுவிட்டு இறங்கினால் அது கேட்பாரற்ற சரக்காகி ஏலத்துக்குப் போகும். மீரா உசேன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து ரசியாவின் மாடி தெரிந்தது. ஆணியடித்த ஜன்னலும் தெரிந்தது.

தோணியை உருவிய அந்த நாலாம் நாளே செய்தியை ரசியாவிடம் முதலில் கொண்டுபோனவள் ராசுவின் மனைவி மலர்கொடி. மீன்கூடையை இறக்கக்கூட இல்லை.

“ராத்தா, ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு! கடல்ல நிக்கிறாரு, காரோட!”

“கடல்ல காரா? அப்ப கப்பலு ரோட்டுல வருதா?” என்றாள் ரசியா பேகம். “மீனைக் காட்டு. நேத்து கொடுத்த கெளங்கான் நாறிப்போச்சு.”

“சத்தியமா ராத்தா. என் மச்சான்தான் தோணிய உருவுனாரு.”

“ஒன் மச்சான் கள்ளுக்கடைக்கு எதையெல்லாம் உருவிக்கிட்டுப் போவாருன்னு ஊருக்கே தெரியும். அஞ்சு பேரு வந்து அஞ்சு கதை சொல்லிட்டான் மலரு. இது ஆறு. தைலப் புட்டி இருந்தா குடுத்துட்டுப் போ.”

“ஒரு எட்டு கரைக்கு வந்து பாத்தாத்தான் என்னவாம்? கண்ணு தேஞ்சா போவுது?”

“வர்றவரு வாசலுக்கு வரட்டும். நான் ஏன் கரைக்கு வரணும்?” என்றாள். ஆனால் கூடையோடு திரும்பிய மலர்கொடியை வாசலில் நிறுத்தி, ஒரு தூக்கு நிறையச் சோறும் மீன்குழம்பும் கொடுத்தாள். “எவனோ ஒரு மனுசன் கடல்ல கெடக்கான்னு சொல்றியே. நோன்பு தொறக்க ஏதாச்சும் வேணும்ல. கொண்டுபோய்க் கொடு.”

அன்றிலிருந்து எட்டு வருஷம், ஒரு வேளை தவறாமல் அந்த எவனோ ஒரு மனுஷனுக்குச் சோறு போயிற்று. மழையிலும் போயிற்று, தோணிக்காரர்கள் வேலைநிறுத்தத்திலும் போயிற்று. முதல் நாளே தூக்கு திரும்பி வந்தபோது முள்ளெல்லாம் மூடியின் விளிம்பில் வரிசையாக, சீப்புப் பல்போல அடுக்கியிருந்தது. அப்படிச் சாப்பிடுகிற ஒரே ஒருவரோடுதான் ரசியா நாற்பது நாள் குடித்தனம் நடத்தியிருந்தாள். முள்ளைக் குப்பையில் தட்டிவிட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்தாள். உலகத்தில் வேறு ஒருவனும் முள்ளை அடுக்கமாட்டானா என்ன? மறுநாள் புளி கொஞ்சம் கூடுதலாகக் கரைத்தாள். அவருக்குப் புளிப்புப் பிடிக்கும்.

அந்த எட்டு வருஷத்தில் நாட்டில் எவ்வளவோ நடந்தது. தேர்தலில் கார் கரையேறும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு கட்சி இரண்டு கதவிலும் சின்னம் எழுதியது. கட்சி இரண்டாக உடைந்தபோது வலது கதவை ஒரு பிரிவும் இடது கதவை இன்னொரு பிரிவும் எடுத்துக்கொண்டன. ஆட்சி கவிழ்ந்து, கவர்னர் ஆண்டு, வேறு ஆட்சி வந்தது. குறைகிற நாள் பதினொன்றாகவே இருந்தது. உள்ளே வயல்காட்டில் கூலி நெல் அரைப்படிக்காக ஒவ்வொரு அறுப்பிலும் அடிதடி, போலீஸ். நிலத்துக்கு உச்சவரம்பு வந்தது. மிராசுதார் கோவிந்தராசு கைவசமிருந்ததை மனைவி பெயரில், மாட்டுக்காரன் பெயரில், பிறக்காத பேரன் பெயரில் எழுதிய பிறகும் பன்னிரண்டு வேலி நிலம் மிஞ்சியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்கு வந்தார். “பாய், நீங்க எந்த நாட்டுலயும் இல்லாத ஆளு. ஒங்க பேருல எழுதினா ஒரு பயலும் கேக்க முடியாது. ஒரு கையெழுத்துப் போடுங்க, தீர்வைய நான் கட்டுறேன், நாளைக்கே கரையேறலாம்” என்றார்.

மீரா உசேன் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் சரி என்று சொல்லப் போகும்போது, அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாக உழுகிற வீரையன் முப்பது பேரோடும் சிவப்புக் கொடியோடும் தோணிகளில் வந்து சேர்ந்தார். கோவிந்தராசுவின் ஆட்களும் தோணிகளில் வந்தார்கள். காரைச் சுற்றிக் கடலிலேயே கைகலப்பு. துடுப்பும் மண்டையும் மோதிய சத்தம் தெளிவாகக் கேட்டது. மீரா உசேன் கண்ணாடியை இறக்கி, “வண்டி மேல கீறல் படாம அடிச்சுக்குங்கப்பா, அது வீட்டுக்காரி ஏறி உக்கார வேண்டிய வண்டி” என்று கெஞ்சினார். வீரையன் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தார். “பாய், நீங்க கையெழுத்துப் போட்டா நீங்க கரையேறுவீங்க. நாங்க நெலத்த விட்டு எறங்கணும். அவ்வளவுதான் சங்கதி, சொல்லிட்டேன்.” மீரா உசேன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு வந்த ஒரே வழி அப்படிப் போயிற்று.

அதன் பிறகு வழி எதுவும் வரவில்லை. தலை நரைத்தது, பல் நாலு விழுந்தது, உப்புக்காற்றில் குரல் கரகரத்தது. கார் மட்டும் ஷோரூமில் இருந்து அன்றைக்குத்தான் எடுத்ததுபோல் இருந்தது. எட்டு வருஷமாகப் பெட்ரோல் முள் ஒரு நூல்கூட இறங்கவில்லை. புதிதாக மாற்றலாகி வருகிற அதிகாரிகள் முதல் வாரம் வந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்கள், இரண்டாம் வாரம் மறந்தார்கள். அறுபதடி தள்ளிப் போனால் மீன் கிடைக்கும் என்பதற்கு அடையாளமாகக் காரைச் சொன்னார்கள் செம்படவர்கள். ரசியாவின் அக்காள் பிள்ளைகள்கூடப் போய்ப் பார்த்து வந்தார்கள். “சின்னம்மா, சும்மா சொல்லலை, நெசமாவே இருக்காரு” என்றால், “நல்லா இருக்கட்டும்” என்பாள். நம்பிவிட்டால் அப்புறம் எட்டு வருஷம் கண்ணெதிரே நின்றும் வராத மனுஷனை என்ன செய்வது? பினாங்கில் இருக்கிறார் என்றால் தூரத்தைக் குறை சொல்லிக்கொண்டு சோறு ஆக்கலாம்.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. விடிந்து வெளிச்சம் வருகிற நேரத்தில் கடல் எழுந்து நின்று, ஒரு தென்னை உயரத்துக்கு நிமிர்ந்து, ஊரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே நடந்து வந்தது. சம்பாப் பயிரைத் தாண்டி எட்டுக் கல் போயிற்று. செத்த மாடுகள் ஓட்டுக்கூரைகளில் ஏறிக் கிடந்தன. மனுஷர்களை எண்ணும் துணிவு யாருக்கும் இல்லை. சுங்க ஆபீஸ் வாசற்படியில் காயாரோகணம் கழுத்தளவு தண்ணீரில், பதிவேட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார். கடலோடு சேர்ந்து காரும் கடைத்தெருவுக்குள் நுழைந்தது. தரை ஆறடி ஆழத்தில் இருந்தது, டயர் எதையும் தொடவில்லை. காயாரோகணம் தலையைச் சாய்த்து நாலு டயரையும் பார்த்துவிட்டு, “தொடலை பாய், போங்க, சீக்கிரம் போங்க” என்று வழிவிட்டார்.

ரசியா பேகம் மாடியில் இருந்தாள். காற்று ஜன்னலை ஆணியோடு பிடுங்கி எறிந்தது. ஜன்னலுக்குக் கீழே, மூழ்கிப்போன அவள் வாசலுக்கு நேர் மேலே, ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

“ரசியா, ஏறு.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணை மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. “என்ன மச்சான், இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?” என்றாள். “தெனம் சோறு அனுப்புனேனே.”

“பல்லு இல்லையே புள்ள. ஏறு, தண்ணி வடிஞ்சுடும்.”

ஏறினாள். சீட்டின் பிளாஸ்டிக் உறையை அவர் பிரிக்கவே இல்லை, உட்கார்ந்ததும் சரசரத்தது. மூன்று தெருவைச் சுற்றினார்கள். கூரைகளில் தொற்றிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பள்ளிவாசல் மினாராவை ஒரு சுற்றுச் சுற்றி, அக்காள் மாப்பிள்ளைகள் வீட்டெதிரே ஒரு ஹாரன் கூடுதலாக அடித்து, மீண்டும் ஜன்னலுக்கு வந்தபோது தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. ரசியா ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உள்ளே இறங்கி, கையை நீட்டினாள்.

“எறங்கிடுங்க மச்சான். காரு போனாப் போவட்டும்.”

அவர் அவள் கையைப் பிடித்தார். அழுத்திப் பிடித்தார். பிறகு டயரைக் குனிந்து பார்த்தார். தரைக்கும் அதற்கும் இன்னும் நாலடிதான். “பதினொரு நாள்தானே புள்ள பாக்கி” என்றார். “இப்ப விட்டா எல்லாமே வீணாப் போயிடும். பதினொரே நாள்.” கையை விட்டார். கடல் திரும்பியது. காரும் அதோடு பின்னோக்கிக் கடைத்தெரு வழியாக, சுங்க ஆபீஸைத் தாண்டி, கரையைத் தாண்டி, வழக்கமாக நிற்கிற இடத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மலர்கொடி மறுநாள் தூக்கோடு கரையில் நின்று சாயங்காலம்வரை பார்த்தாள். ராசு ஏழு நாள் தோணியில் தேடினார். கடல் வெறும் கடலாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காயாரோகணம் வீடு வீடாக வந்தார். புயலில் போனவர்கள் பட்டியல் எடுக்க எல்லா ஆபீஸ் எழுத்தர்களையும் அனுப்பியிருந்தார்கள். ரசியா பேகம் கதவோரம் நின்றாள். அவர் திண்ணையில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“வீட்டுக்காரரு வெளிநாட்டுலன்னு எழுதிடட்டுமாம்மா? நீங்க எப்பவும் சொல்றதுதானே. அப்படி எழுதினா அவரு அங்க இருக்காருன்னு ஆவும். வந்தாருன்னு எழுதினா, புயலோட போனவங்க பட்டியல்ல சேந்துடும். அப்புறம் நீங்க வெள்ளை கட்டணும். நான் பாத்ததை நான் எழுத முடியாது, வீட்டுல சொல்றதைத்தான் எழுதணும். அவசரமில்ல, நாளைக்குக்கூடச் சொல்லுங்க.”

உள்ளே உலை கொதித்தது. எட்டு வருஷப் பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டிருந்தாள்.

“வந்தாரு” என்றாள் ரசியா பேகம். “வாசலுக்கே வந்தாரு, கார்லதான் வந்தாரு. நான் ஏறிக்கூட உக்காந்தேன். எழுதிக்குங்க.”