பாலுக்கு முன் ஒரு மணி நேரம்

தம்பியின் வெள்ளைச் சட்டைக்கு அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு வண்டி வந்துவிடும். கூடத்தில் அவன் படுத்திருந்தான், இருபத்தொன்பது வயதில் முதன்முறையாக மூச்சு வாங்காமல்.

அம்மா அவன் நெஞ்சில் காதை வைத்திருந்தாள். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளை. விடிந்ததும் அப்படிக் கேட்பது அவளுக்குப் பழக்கம். அக்காவின் இதயம் நன்றாக இருந்தது. அதை யாரும் கேட்டதில்லை. ஏழு வயதில் ஒருநாள் வேண்டுமென்றே மாடிப்படியில் பத்துத் தடவை ஏறி இறங்கி, இரைக்க இரைக்க அம்மா முன்னால் போய் நின்றாள்.

"போய்த் தண்ணி குடி," என்றாள் அம்மா.

இப்போதும் வயிறு எரிந்தது. செத்தவனிடம் போய்ப் பொறாமையா என்று தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சித்தி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் அவன்தான் சித்தி. நான் ஒருத்தி இருக்கேன்னு அம்மா திரும்பிப் பாத்தாளா?"

"வாய மூடுடி. உன்னாலதான்..." சித்தி நிறுத்திக்கொண்டாள்.

"என்னால என்ன?"

சித்தி அடுப்பை அணைத்தாள். "அவன் வயித்துல இருந்தப்போ உங்கம்மாவுக்குத் தைராய்டு. மாத்திரைய வெறும் வயித்துல போட்டுட்டு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதுன்னாங்க. உனக்கு மூணு வயசு. நீ குடிச்சாத்தான் நானும் குடிப்பேன்னு டம்ளரத் தட்டி விடுவ. மகாராணியாச்சே! அவ மாத்திரையப் பாலோடயே முழுங்கிட்டா, மாசக்கணக்கா. அது உடம்புல சரியாவே சேரல."

"அதனாலதான் அவனுக்கு அப்படி ஆச்சா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னுதான் டாக்டர் சொன்னார். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

அந்த மாதங்களில் அம்மா தன் பக்கம்தான் என்ற நினைப்பு முதலில் இனித்தது. அந்த இனிப்புதான் அவளைப் பயமுறுத்தியது.

அம்மாவின் தைராய்டு மாத்திரையும் தண்ணீருமாகக் கூடத்துக்கு வந்தாள்.

"இனிமே எதுக்கு?" என்றாள் அம்மா.

"போடும்மா."

அம்மா விழுங்கினாள். சித்தி இரண்டு டம்ளர் பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"ஆறிடும். நீ குடி," என்றாள் அம்மா.

"நீ குடிச்சாத்தான்."

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு சித்தி போன பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கடிகாரத்தில் ஏழு இருபது. அக்கா இரண்டு டம்ளர்களையும் தட்டால் மூடிவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.