கிட்டப் போகாத கேமரா

எங்கள் கடற்கரை ஊரான புன்டா தலிசாயில் பூனைகள் சோறு தின்னப் பழகிய வருஷம் அது. மீன் இல்லாமல் முதலில் மெலிந்தன, பிறகு கோபித்துக்கொண்டு மலைப்பக்கம் போய்ப் பார்த்தன, கடைசியில் வெறும் சோற்றுக்கு வழிக்கு வந்தன. ஒரு நாள் அன்செல்மோவின் வலையில் ஒரே ஒரு மீன் வந்தது. அவரும் அந்த மீனும் ஒருவரையொருவர் பார்த்துக் கூச்சப்பட்டார்கள். அவர் அதைத் திரும்பக் கடலில் விட்டுவிட்டார். பங்கா என்கிற அந்தச் சின்னப் படகில் கூட இருந்த மோஹிங் இதற்குச் சாட்சி. மோஹிங்கின் சாட்சியை எங்கள் கரையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

மீன் எங்கே போயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். 'டோனா ரெமெடியோஸ்' என்ற பெரிய படகு தினமும் விடியும் நேரத்தில் விரிகுடாவுக்குள் வந்து, கல் கட்டிய வலையால் அடிமணலைப் பெருக்கி எடுத்துக்கொண்டு போனது. பெரிய படகுகள் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தைக் காக்க, கடல்காவல் என்று நான்கு பேரும் இருந்தார்கள். அன்செல்மோ தலைவர். சம்பளம் கிடையாது, ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு விசில். விசில் ஊதினால் டோனா ரெமெடியோஸில் இருப்பவர்கள் மரியாதையாகக் கையசைப்பார்கள்.

நகராட்சியின் மீன்வள அதிகாரியிடம் போய்ச் சொன்னால் அவர் ஒரே கேள்விதான் கேட்பார். "படம் இருக்கா?"

மோஹிங்கின் கைப்பேசியில் ஒரு படம் இருந்தது, அதில் பாதி மோஹிங்கின் கட்டைவிரல். அடுத்த கைப்பேசி அலையில் நனைந்து செத்தது. அதற்கடுத்தது நேராகக் கடலுக்கே போய்விட்டது. கடைசியில் அதிகாரியே மனம் இரங்கி, தண்ணீரில் விழுந்தாலும் சாகாத கேமரா ஒன்றை நகராட்சிச் செலவில் வாங்கிக்கொள்ள அனுமதி கொடுத்தார். "ஒண்ணுதான். பார்த்து வாங்குங்க. படத்துல படகோட பேரும் தெரியணும், எந்த இடம்னும் தெரியணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் கேஸ் நிக்காது."

ஊரே சந்தோஷப்பட்டது. அன்செல்மோ மட்டும் கடைக்குப் போகும் நாளைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

காரணம் ரோமெல். அவர் மகன். காவிதேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவன். அவன் அம்மா பெலேன் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு நாள் விடியலில் அன்செல்மோ பங்காவிலிருந்து பார்த்தபோது, டோனா ரெமெடியோஸின் பின்பக்கத்தில் ஒருவன் இடது கையால் கயிற்றைச் சுற்றி, முழங்காலால் ஒரு இடி இடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த இடியைச் சொல்லிக்கொடுத்தவரே அன்செல்மோதான். உலகத்தில் வேறு யாரும் அப்படி இடிப்பதில்லை. அந்தத் தூரத்தில் முகம் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே போதும் என்றிருந்தது அவருக்கு.

போன வருஷம் பக்கத்து ஊரில் இதே போல ஒரு படகைப் பிடித்தார்கள். முதலாளி சாயங்காலமே வீட்டுக்குப் போனார். படகை ஓட்டியவர் இரண்டு நாளில் போனார். வலை இழுத்தவர்கள்தான் கிறிஸ்துமஸுக்கும் உள்ளேயே இருந்தார்கள்.

ஆக, கேமரா வாங்க மணிலாவின் கியாப்போவுக்கு பஸ் ஏறியபோது, அன்செல்மோவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோஹிங்குக்கு ஒன்றும் தெரியாது. ரோமெலின் ஞானஸ்நானத்தில் அவன் தலையை ஏந்திக்கொண்டு நின்ற ஞானத்தந்தை இந்த மோஹிங்தான். அன்றிலிருந்துதான் இருவரும் ஒருவருக்கொருவர் கும்பாரே.

ஹிடால்கோ தெருவில் வரிசையாகக் கேமராக் கடைகள். அவர்கள் நுழைந்த கடையில் மரிவிக் என்று சட்டையில் பெயர் குத்திய பெண் சிரித்தாள்.

"வாங்க சார், வாங்க. என்ன விசேஷம், கல்யாணமா, பேத்தி ஞானஸ்நானமா?"

"திருடன படம் பிடிக்கணும்," என்றார் மோஹிங்.

"ஓடுற திருடனா, நிக்கிற திருடனா?"

"நிப்பான். கையும் ஆட்டுவான்."

அவள் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்குபவை, இரண்டும் ஆமை மாதிரி கெட்டி. அவள் இரண்டையும் தரையில் போட்டுக் காட்டினாள். கடையின் மீன்தொட்டிக்குள் முக்கிக் காட்டினாள். அன்செல்மோ கேமராவைப் பார்க்காமல் தொட்டியிலிருந்த தங்கமீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மீனை ஒரே இடத்தில் பார்த்து அவருக்கு வெகுநாளாகியிருந்தது.

"மைனஸ் பத்து டிகிரிக் குளிர்லயும் வேலை செய்யும் சார்."

"எங்க ஊர்ல பனி பெஞ்சா உனக்குச் சொல்லி அனுப்புறேன் பொண்ணே," என்றார் மோஹிங். "மேல ஏறி நின்னா?"

"நூறு கிலோ வரைக்கும் தாங்கும்."

மோஹிங் ஏறி நின்றார். அவர் எடை கடைசியாகப் பார்க்கப்பட்டது அவர் கல்யாணத்துக்கு முந்தின நாள், பன்றி நிறுத்த வந்த தராசில். அன்றைக்கே பன்றி தோற்றது. கேமரா முனகக்கூட இல்லை. கடையில் நின்ற நாலு பேர் கைதட்டினார்கள்.

"சரி, ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?" என்று கேட்டார்.

மரிவிக் சிவப்பை எடுத்து வாசல் பக்கம் திருப்பினாள். தெருக்கோடியில் சாமந்தி மாலை விற்றுக்கொண்டிருந்த கிழவி திரையில் குதித்து வந்து நின்றாள். அவள் மூக்கோரத்து மரு தெரிந்தது. மருவில் ஒரு முடியும் தெரிந்தது.

"இது கிட்டப் போகும் சார். ஆனா எந்த இடம்னு படத்துல பதியாது. மஞ்சள் கிட்டப் போகாது. ஆனா எடுத்த இடம், தேதி, நேரம் எல்லாம் படத்து மூலையில தானா விழும். வானத்துல இருந்து வாங்கிக்கும்."

"ரெண்டும் சேர்ந்த மாதிரி?"

"அது இருக்கு சார். ஆனா நனையக்கூடாது."

மோஹிங் திரும்பக்கூட இல்லை. "சிவப்பு. கட்டிக்குடு பொண்ணே."

"மஞ்சள்," என்றார் அன்செல்மோ.

"என்ன கும்பாரே? படகுல எழுதியிருக்கிற பேரு வேணும்ல? இதுல பேரு என்ன, இழுக்கிறவன் பல்லுல இருக்கிற கீரையே தெரியும். ஒருத்தன் மூஞ்சியும் தப்பாது."

திரையில் அந்த மரு இன்னும் நின்றுகொண்டிருந்தது. அன்செல்மோ அந்த இடத்தில் ரோமெலின் முகத்தை வைத்துப் பார்த்தார். இடது புருவத்தில் ஏணியிலிருந்து விழுந்த தழும்பு. அதுவும் தெரியும்.

"எந்த இடம்னு இல்லேன்னா அவங்க நடுக்கடல்ல எடுத்ததும்பாங்க," என்றார். "பேரை நாம வாயால சொல்லலாம்."

"இடத்தையும் வாயால சொல்லலாமே."

"நீ சொன்னா எவன் நம்புவான்?"

மோஹிங்குக்கு அது சுருக்கென்றது. ஆனால் நியாயம் என்றும் பட்டிருக்க வேண்டும். "தலைவரு நீங்க. உங்க இஷ்டம்," என்று வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். மரிவிக் மஞ்சளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "நல்ல கேமராதான் சார். பெரிய இடங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கும். மலை, சூரிய அஸ்தமனம்," என்று ஆறுதல் சொன்னாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அன்செல்மோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கடலைக் காக்கப் போட்ட ஆள், கடலைக் காக்காத கேமராவாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போகிறார் என்பது அந்த பஸ்ஸிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அது ஒருவருக்கு அதிகம்தான்.

முதல் படம் அருமையாக வந்தது. மலை இருந்தது, விடியல் இருந்தது, மூலையில் இடமும் தேதியும் பளிச்சென்று இருந்தன. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"இது வாத்தாக்கூட இருக்கலாமே," என்றார் அதிகாரி.

இரண்டாம் முறை கொஞ்சம் நெருங்கி எடுத்தார்கள். வாத்து கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அதற்குள் விரிகுடாவில் நண்டும் நின்றுபோயிற்று. கடல்காவலில் இருந்த மற்ற இருவரும் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மணிலாவுக்கு மூட்டை தூக்கப் போனார்கள்.

"இன்னும் கிட்டப் போங்க," என்றார் அதிகாரி. "கேமராதான் போகாதே, நீங்க போங்க."

மூன்றாம் முறை மோஹிங் அன்செல்மோவைக் கேட்கவே இல்லை. கேமராவைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விடியும் நேரத்தில் பங்காவை நேராக டோனா ரெமெடியோஸின் பின்பக்கத்துக்கே விட்டார். வலை ஏறும் கனத்தில் அதன் பின்பக்கம் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்திருந்தது. அன்செல்மோ முன்னால் உட்கார்ந்து தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஓடவும் முடியாது, குதிக்கவும் வழியில்லை. ரோமெல் இன்றைக்கு அந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்று எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவர்கூட அந்நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது.

வலை இழுக்கிற இடத்துக்கு ஒரு சின்னப் படகு வந்தால், வந்தவன் யாரென்று கேட்பதில்லை. சோற்றுக்குக் கொஞ்சம் மீன் போட்டு அனுப்புவார்கள். எங்கள் கடலில் திருடனும் அதைச் செய்வான், போலீஸும் அதை வாங்குவான். மேலிருந்து யாரோ, "பெரியவரே, சோத்துக்கு வாங்கிக்கிட்டுப் போங்க," என்றான். ஒரு வாளி இறங்கியது. வாளியைப் பிடித்திருந்தது ஒரு இடது கை.

அன்செல்மோ நிமிர்ந்தார்.

"அப்பா," என்றான் ரோமெல்.

பிறகு நடந்தது யோசித்து நடந்ததல்ல. அவர் ஒரு கையால் வாளியை வாங்கினார். நீட்டிய மீனைக் கடலில் தட்டிவிடும் பழக்கம் அவர் பரம்பரையில் கிடையாது. இன்னொரு கை தானாக மேலே போனது. பார்த்து மாசக்கணக்கான அப்பாவின் கையை ஆசிக்காக நெற்றியில் வைத்துக்கொள்ளாமல் பேசும் பழக்கம் ரோமெலுக்கும் கிடையாது. அவன் குனிந்து, அந்தக் கையைப் பிடித்து, நெற்றியில் வைத்துக்கொண்டான்.

பின்னால் மோஹிங் அப்போதுதான் கேமராவை அமுக்கினார். முகம் பார்த்து அமுக்கவில்லை. எழுத்தைப் பார்த்து அமுக்கினார்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா," என்றான் ரோமெல். "இன்னும் ரெண்டு வாரந்தான். இங்க தீந்துடும். அப்புறம் நாங்க வேற பக்கம் போயிடுவோம்."

நல்ல செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

பங்கா விலகி வந்தபிறகு மோஹிங் மோட்டாரை நிறுத்தினார். திரையை வெயிலுக்கு மறைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பேரு விழுந்திருக்கு," என்றார். "முழுசா. இடமும் விழுந்திருக்கு."

அன்செல்மோ வாளியைக் காலுக்கடியில் நகர்த்தி வைத்தார்.

"அவன் தலைய இந்தக் கையிலதான்யா ஏந்தியிருந்தேன். எனக்குச் சொல்லக்கூடாதா? சொல்லியிருந்தா நானே அந்தச் சிவப்ப எடுத்து மீன்தொட்டிக்குள்ள போட்டிருப்பேனே." மறுபடி திரையைப் பார்த்தார். "நல்லா விழுந்திருக்கீங்க கும்பாரே. ஒரு கையில வாளி. ஒரு கையில ஆசீர்வாதம். கள்ளப் படகுக்குப் பாதிரியார் வந்து மந்திரிச்ச மாதிரி இருக்கு."

படத்தை வாங்கி அன்செல்மோ பார்த்தார். கேமரா கிட்டப் போகாது என்றுதான் அதை வாங்கினார். இப்போது அதில் புருவத்துத் தழும்பு தெரிந்தது. வாளிக்குள் எட்டிப் பார்த்தார். எல்லாம் விரல் நீளம் கூட இல்லாத குஞ்சு. ஒன்றுகூட முட்டை போடும் வயதுக்கு வரவில்லை.

"தெரியாம கடல்ல விழுந்துடுச்சுன்னு சொல்லிடலாம்," என்றார் மோஹிங். "நான் சாட்சி."

"நகராட்சிப் படகுத்துறைக்கு விடு."

"உங்க பிள்ள கும்பாரே."

"நான் இதுல இல்லேன்னா மறைச்சிருப்பேன்," என்றார் அன்செல்மோ. "இவ்வளவு நாளா அதைத்தானே செஞ்சேன். இப்ப வாளியும் வாங்கிட்டேனே. இனிமே மறைச்சா வாளிக்காக மறைச்ச மாதிரி ஆயிடும்."

மோஹிங் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மோட்டாரைக் கிளப்பினார்.

அதிகாரி படத்தைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினார். "பேரு தெளிவா இருக்கு. இடம் தெளிவா இருக்கு. தேதி, நேரம். இந்த மாதிரி ஒரு படம் எனக்கு வந்ததே இல்ல." அப்புறம் கொஞ்சம் கீழே நகர்த்தினார். "நீங்களும் தெளிவா இருக்கீங்க."

"ஆமாங்கய்யா."

"இவன் யாரு?"

"என் மகன்."

அதிகாரி நல்ல மனுஷர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். பிறகு போலீஸ் படகுக்குத் தொலைபேசியில் சொன்னார். தொப்பியையும் விசிலையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். கூப்பிட்டால் வரவேண்டும் என்றார். மோஹிங்கையும்தான்.

அன்செல்மோ வீட்டுக்குப் போனபோது பெலேன் வாசலிலேயே வாளியை வாங்கிக்கொண்டாள். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. மீனைப் பார்த்த முகம் அதைக் கேட்காது. பூனைகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டன. அவள் அவற்றை விரட்டிக்கொண்டே பாதியை எடுத்து வறுத்தாள். மறுபாதியில் உப்பைத் தடவி, தகரத் தட்டில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள்.

"இதைக் காயவெச்சு ரோமெலுக்கு அனுப்பலாம்," என்றாள். "பாவம், அந்தத் தொழிற்சாலையில நம்ம கடல் மீனு அவனுக்கு எங்க கிடைக்கப் போவுது. முகவரி உங்ககிட்ட இருக்கில்ல?"

"அனுப்ப வேணாம்," என்றார் அன்செல்மோ. "நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்."

"எப்ப?"

அவர் தட்டைத் தூக்கிக் கூரையில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தார். அங்கிருந்து விரிகுடா முழுக்கத் தெரிந்தது. போலீஸ் படகு டோனா ரெமெடியோஸின் பக்கவாட்டில் அணைந்து நின்றது.

"காய்ஞ்சதும்," என்றார்.